நடுக்கடலில் ஒரு பெரட்டு

மயிலம்மாளுக்கு மெதுவாகப் பேச வராது. இரகசியம் சொல்கிறேன் என்று அவள் குனிந்தால் தொழிலாளர் லயத்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். மலேசியாவில் லாபு பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அவளுக்கு அடுத்த நிரையில் பால் வெட்டியவள் நான். நடுவில் எத்தனையோ கித்தா மரங்கள். இருந்தும் முந்தின நாள் அவள் வீட்டில் என்ன குழம்பு, அதில் புளி கூடியதா குறைந்ததா என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். அவள் புருஷன் சன்னாசி அண்ணன் தோட்டத்துப் பால் லாரி ஓட்டினார். அவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்டதில்லை. ஏன் என்று கேட்டால், "எனக்கும் சேத்து அவளே பேசிடுறா லா" என்று சிரிப்பார்.

அந்தக் குரலால் பிழைத்தவர்கள் எங்களில் பாதிப் பேர். காலையில் பெரட்டு என்று ஒன்று உண்டு. விடியும் முன்பே எல்லாரும் ஆபீஸ் முன்னால் போய் நிற்க வேண்டும். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ஆறுமுகம் டார்ச் வெளிச்சத்தில் பேர் வாசிப்பார். பேருக்குப் பதில் வராவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது, வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பதில் ஒரே சொல், "அடா". மலாயில் அதற்கு இருக்கிறது என்று அர்த்தம். எந்தக் காலத்தில் எங்கள் பெரட்டுக்குள் அது நுழைந்ததோ தெரியாது, ஆனால் நுழைந்தது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. "இருக்கேன்" என்று சொன்னால் சொல்பவள் மாட்டிக்கொள்வாள். "இருக்கா" என்று சொன்னால் இன்னொருத்திக்காகச் சொல்கிறாள் என்பது வெளிச்சமாகிவிடும். இந்த "அடா"வுக்குள் நானும் கிடையாது, அவளும் கிடையாது. யாருக்காக யார் சொன்னாலும் பொருந்தும்.

பிள்ளைக்குக் காய்ச்சல், தண்ணீர்க் குழாயில் கூட்டம், புருஷன் குடித்துவிட்டு வந்து அடித்த அடியில் எழுந்திருக்க முடியவில்லை என்று யாராவது ஒருத்தி தினமும் தாமதமாவாள். அவள் பேர் வந்ததும் இருட்டுக்குள்ளிருந்து மயிலம்மாள் "அடா!" என்பாள். அதற்குள் அவள் ஓடி வந்து வரிசையில் செருகிக்கொள்வாள். கிராணிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். "மயிலம்மா, ஒனக்கு மொத்தம் எத்தனை தொண்டை?" என்று கேட்டுக்கொண்டே பேனாவால் கோடு இழுப்பார்.

அதிகமாக அவள் பதில் சொன்னது பஞ்சாலைக்கு. இருவரும் ஒரே வருஷம் தோட்டத்துக்கு மருமகளாக வந்தவர்கள், உயிருக்கு உயிர். பஞ்சாலை சோம்பேறி இல்லை. வேடிக்கை பார்ப்பாள், அவ்வளவுதான். பெரட்டுக்கு வருகிற வழியில் ஒரு காளான் முளைத்திருந்தால் போதும், உட்கார்ந்துவிடுவாள். குரலும் பல்லிக் குரல். "அவ பேரு அவளுக்கே மறந்து போயிருக்கும்டி. இத்தனை வருஷமா நான்தானே பதில் சொல்றேன்" என்று மயிலம்மாள் கிண்டலடிப்பாள். பஞ்சாலை அதற்கும் சிரிப்பாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் எங்கள் மாதர் சங்கத்துக்கு எங்காவது சுற்றுலா போக ஆசை வந்தது. எப்போதும் போர்ட்டிக்சன் கடற்கரைதான். புளிச்சோறு, முட்டை, காலை நனைத்துவிட்டுத் திரும்புவது. இந்தத் தடவை சிரம்பானிலிருந்து ராமகிருஷ்ணன் என்று ஒரு டிராவல் ஏஜெண்ட் வந்து வண்ணப் படம் ஒன்றைக் காட்டினான். கிழக்குக் கரையில் ஒரு தீவு, அங்கே புதிதாக நீர்மூழ்கி விட்டிருக்கிறார்கள், உள்ளே உட்கார்ந்து ஆழ்கடலைப் பார்க்கலாம், உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது என்றான். பஞ்சாலை அந்தப் படத்தைக் கையில் வாங்கியவள் திருப்பிக் கொடுக்கவேயில்லை.

"மயிலு, அடியில என்னதான் இருக்குன்னு ஒரு தடவை பாத்துட்டு வந்துரணும்டி."

"மீனு இருக்கும். பாசார்ல பாக்காத மீனா?"

"அது செத்த மீனுடி."

போனோம்.

படத்தில் பளபளவென்று இருந்த நீர்மூழ்கி, நேரில் கரையில் எங்கள் பால் லாரியின் தொட்டிக்கு நீலச் சாயம் அடித்து ஜன்னல் வைத்ததுபோல் நின்றது. உள்ளே போகவும் வெளியே வரவும் முன்பக்கம் மேலே ஒரே ஒரு வாய், அதற்கு ஓர் இரும்பு மூடி. மிதக்கும் சட்டைகளெல்லாம் அதை நடுக்கடலுக்கு இழுத்துப்போகிற படகில் ஒரு பெட்டிக்குள் கிடந்தன. நீர்மூழ்கிக்குள் ஒன்றுகூட இல்லை. கண்ணாடி போட்ட ஓட்டுநன் ஆங்கிலத்தில் கடகடவென்று ஏதோ ஒப்பித்தான். எங்களுக்குப் புரிந்ததா என்று அவனும் கேட்கவில்லை, புரியவில்லை என்று நாங்களும் சொல்லவில்லை. ஒரு ஜன்னல் விளிம்பில் மாவு மாதிரி எதையோ அப்பியிருந்தார்கள். தொட்டேன், விரல் ஈரமானது. என்ன இது என்று கேட்டதற்கு, "பியாசா லா" என்றான். எப்போதும் அப்படித்தானாம். ஆள்களை அடியில் கொண்டுபோகிறவனுக்கு எப்போதும் அப்படித்தான் என்றால் அவனை என்ன சொல்வது!

கனமானவர்கள் முன்னால், ஒல்லியானவர்கள் பின்னால் என்று பிரித்து உட்கார வைத்தான். "என்னைய என்ன பால் டின்னுன்னு நெனச்சுக்கிட்டானா?" என்று சத்தம் போட்டுக்கொண்டே மயிலம்மாள் முன்னால் போனாள். பஞ்சாலைக்கு வாலோரத்துக் கடைசி இடம். எனக்கு நடுவில்.

நடுக்கடலுக்குப் போனதும் மூடியை இறுக்கிவிட்டு அடியில் இறங்கினோம். அதைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. முதலில் ஜன்னலில் பச்சை. பிறகு நீலம். அதற்குப் பிறகு வந்த நிறத்துக்கு எங்கள் ஊரில் பேர் கிடையாது. அந்த நிறத்துக்குள் மீன்கள் கூட்டமாக வந்து, ஒன்றாகத் திரும்பி, ஒன்றாக மின்னின. அத்தனை ஆயிரத்தில் ஒன்றுகூட இன்னொன்றை இடிக்கவில்லை. கீழே பாறையெல்லாம் பூவாக விரிந்து மூடியது. பெரிய ஆமை ஒன்று என் ஜன்னல் பக்கம் வந்து கிழவிபோல் என்னைப் பார்த்துவிட்டுப் போனது. நாமெல்லாம் பிறந்து, வெட்டி, சுமந்து, சண்டை போட்டுச் செத்துக்கொண்டிருக்கும்போது இது இங்கே இப்படியே இருந்திருக்கிறது என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது. மயிலம்மாள்கூட வாயடைத்துப் போயிருந்தாள். திரும்பிப் பார்த்தேன். பஞ்சாலை இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் ஒட்டவைத்து, கோவிலில் நிற்பவள் மாதிரி இருந்தாள்.

அப்போதுதான் இடித்தது. வால் பக்கம் பாறையில் மோதி இரும்பு நசுங்குகிற சத்தம் கேட்டது. விளக்கு அணைந்தது. பின்னாலிருந்து தண்ணீர் சீறியது. அந்தத் தண்ணீரின் குளிரை நான் இன்னும் மறக்கவில்லை. ஓட்டுநன் ரேடியோவில் கத்தினான், அது கரகரவென்றதே தவிரப் பதில் சொல்லவில்லை. கீழே கட்டியிருந்த எடையைக் கழற்றிவிட ஒரு பிடியை இழுத்தான். அது அசையவில்லை. எங்கள் தலைக்குமேல் இருந்த கடல் எவ்வளவு பெரியது, நாங்கள் உட்கார்ந்திருந்த தகரம் எவ்வளவு சின்னது என்பது எனக்கு அந்தக் கணம்தான் உறைத்தது. அவன் காலை ஊன்றி மறுபடி இழுத்ததில் எடை கழன்றது. மேலே எழும்பினோம்.

மேலே மழையும் காற்றுமாக இருந்தது. மூடி திறந்ததும் ஒருத்திமேல் ஒருத்தி ஏறி ஓடினோம். அலறுவது யார் என்றே தெரியவில்லை. படகில் எங்களை அள்ளிப் போட்டு, தலைக்குமேல் தார்ப்பாயை விரித்தார்கள். படகுக்காரர் வயதானவர், மலாய்க்காரர். நீர்மூழ்கியோடு உரசிக்கொண்டு நின்ற படகிலிருந்தே தாளைப் பிரித்துப் பேர் வாசித்தார். ராக்கம்மா, அடா. செல்லம்மா, அடா. பஞ்சாலை என்றார். மயிலம்மாள் முந்தானையைப் பிழிந்துகொண்டே "அடா!" என்றாள்.

எங்களில் ஒருத்திக்கும் அது தவறாகப் படவில்லை. அந்தப் பேருக்கு அந்தக் குரல்தான் எங்களுக்குப் பழக்கம்.

எல்லாரும் இருக்கிறார்கள் என்றதும் ஓட்டுநன் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அலை புகுந்து அவர்கள் சாமான் முழுகிவிடக் கூடாதே என்று மூடியைச் சாத்தி இறுக்கினான், அதை மிதவையில் கட்டினான், படகில் குதித்தான். கரையை நோக்கிக் கிளம்பினோம்.

நீர்மூழ்கி ஒரு புள்ளியாகிக்கொண்டிருந்தது. மயிலம்மாள் மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். பஞ்சாலைக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. "எங்கடி அவ? வாந்தி எடுக்கப்போறா" என்று தார்ப்பாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் முகத்தில் இரத்தம் வற்றியதை நான் கண்ணால் கண்டேன்.

அவள் போட்ட கூச்சலில் படகுக்காரர் திரும்பினார். தாளைக் காட்டி, பஞ்சாலை பேருக்கு "அடா" சொன்னார்களே என்றார். ஓட்டுநன், பயத்தில் உளறுகிறாள், நிறுத்தாதே என்றான். உடனே ராக்கம்மா, நான் பார்த்தேன், பஞ்சாலை எனக்கு முன்னால் ஏறினாள் என்றாள். இன்னொருத்தியும் ஆமாம் என்றாள். பொய் இல்லை. பயத்தில் அவர்கள் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். படகு ஓடிக்கொண்டே இருந்தது.

மயிலம்மாள் ஆடுகிற படகில் எழுந்து நின்றாள். பிடிக்க ஒன்றும் இல்லை.

"எல்லாரும் வாயை மூடுங்கடி! இப்ப நான் பெரட்டு எடுக்கிறேன். பேரு வந்தா அவ அவ மட்டும் கையத் தூக்கணும். ஒருத்திக்காக இன்னொருத்தி தூக்கினீங்க, கடல்ல தள்ளிடுவேன்!"

கிராணி மாதிரியே ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். ஒவ்வொரு கையாக எழுந்து நின்றது. கடைசியாக, "பஞ்சாலை" என்றாள்.

ஒரு கையும் எழவில்லை.

அவள் படகுக்காரர் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் கூப்பினாள். "சாயா போஹோங், என்சே! சாயா போஹோங்!" நான் பொய் சொன்னேன் ஐயா, நான் பொய் சொன்னேன். இத்தனை வருஷமும் மேனேஜர் முன்னால்கூட ஒப்புக்கொள்ளாததை நடுக்கடலில் அத்தனை பேர் முன்னால் அவள் கத்தினாள். அப்படி ஒரு மனுஷியோடா நான் குழம்புக் கதை பேசிக்கொண்டிருந்தேன்! படகுக்காரர் எங்கள் தூக்கிய கைகளைப் பார்த்தார். ஓட்டுநனை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் படகைத் திருப்பினார்.

நீர்மூழ்கியில் இப்போது மூடி இருந்த கழுத்து மட்டும்தான் வெளியே தெரிந்தது. மூடியைத் திறந்து படகுக்காரரும் இன்னொரு ஆளும் இரும்புக் கம்பியோடு இறங்கினார்கள். மயிலம்மாள் சாமி பேரைச் சொல்லவில்லை, அழவுமில்லை. அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு ஒரு கை தெரிந்தது, ஈரத் தலை தெரிந்தது. மோதியபோது வளைந்த நாற்காலிச் சட்டத்தில் பஞ்சாலையின் கால் மாட்டியிருந்தது. தண்ணீர் கழுத்துவரை ஏறி, கூரையோரம் இருந்த கொஞ்சம் காற்றில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவள் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். கம்பெனியிலிருந்து ஒருவர் ஆப்பிள் பையோடு வந்து, சின்ன விபத்துதானே, வெளியில் பெரிதாகப் பேச வேண்டாமே என்றார். மயிலம்மாள் அந்தப் பையை அவர் கையிலேயே திணித்து வாசலைக் காட்டினாள். பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து, முதல் நாளிலிருந்து கேட்கப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டாள்.

"உள்ள இருந்து ஒரு கத்து கத்தியிருக்கக் கூடாதாடி?"

பஞ்சாலை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபமே இல்லாமல், இன்னும் அந்தக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருப்பவள் போல, மெதுவாகச் சொன்னாள்.

"மொதல்ல கத்துனேன், எல்லாருந்தானே கத்துனீங்க. அப்புறம் மூடி தொறந்து கெடந்துச்சு மயிலு. மேல பேரு வாசிச்சது நல்லாக் கேட்டுச்சு. செல்லம்மா முடிஞ்சு என் பேரு வந்துச்சு. வாயத் தொறந்தேன், அதுக்குள்ள நீ 'அடா'ன்னுட்ட. நீ சொன்னதும், மூடியச் சாத்துற வரைக்கும் ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன்டி. நான் மேல உங்ககூடத்தான் இருக்கேன், இங்க தண்ணிக்குள்ள கெடக்குறது வேற யாரோன்னு."