மாசி போடாத சம்பல்

1. பசறையில் முதல் கடையில் மரக்கறி ரொட்டி கேட்டேன். பிய்த்துப் பார்த்தால் உள்ளே மீன்.
2. இரண்டாவது கடையில் கோழிக் குழம்பில் கிடந்த கரண்டியாலேயே பருப்பையும் அள்ளினார்கள். எழுந்துவிட்டேன்.
3. இப்போது மூன்றாவது கடை. நமுனுகுல பஸ்ஸுக்கு இன்னும் பதினைந்து நிமிடம். அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் ஒன்றைப் பழுது பார்க்க வேண்டும். மாலை வரை வேறு சாப்பாடு கிடையாது.

"மரக்கறிச் சாப்பாடு இருக்கா அக்கா?"

"இருக்குங்க மிஸ். பருப்பு, போஞ்சி, தேங்காய்ச் சம்பல்."

"சம்பல்ல மாசிக் கருவாடு போட்டிருக்கீங்களா?"

"கொஞ்சூண்டு, வாசத்துக்கு. மாசியெல்லாம் ஒரு மீனா மிஸ்?"

"கடல்ல இருந்துதானே அக்கா வருது?"

கடைக்கார அக்கா சிரிக்கிறார். "மாசி போடாம அரைச்சா என் கடைப் பேரு கெட்டுரும்."

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அரைச்சுத் தாங்க."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்க்கிறார். பிறகு அம்மியில் கொதிநீர் ஊற்றித் தேய்க்கிறார்.

"நல்லாப் பாத்துக்கங்க. அப்புறம் மீன் நீந்துச்சுன்னு சொல்லக் கூடாது."

தேங்காய், செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு. அரைத்து முடித்து, தேசிக்காய் பிழிந்து, விரலால் தொட்டு நாக்கில் வைக்கிறார்.

"வெள்ளிக்கிழமை வீட்டுல இப்படித்தான் அரைக்கிறேன். கடையில செய்யலாம்னு தோணவே இல்ல பாருங்க."

பருப்புக்குப் புதுக் கரண்டி வருகிறது. வெளியே ஹார்ன் அடிக்கிறது.

நமுனுகுல பஸ் போய்விட்டது. அடுத்தது ஒன்றரைக்கு. வரத் தாமதமாகும் என்று தொழிற்சாலைக்குச் சொல்லிவிட்டேன். இரண்டாம் முறை சோறு வாங்குகிறேன்.