வெள்ளிக்கிழமை ஷிஃப்ட்

சான் ஹோசேயில் லூஸ் பிரேக்ஸ் என்று ஒரு ராக் பேண்ட் பதினேழு வருஷம் ஓடியது. சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. பிரேக் ரிப்பேர் கடை வைத்திருந்த வேய்ன் 1984-ல் ஆரம்பித்தது. பாட்டும் லீட் கிட்டாரும் அவர். டிரம்ஸ், ராமோன் என்கிற தபால்காரர். ஆங்கர் என்ற பாரில் வெள்ளிக்கிழமை தோறும் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை வாசிப்பார்கள். இவர்கள் சாதனை என்று எடுத்துப் பார்த்தால் முந்நூறு கேசட், சாண்டா குரூஸ் போட்டியில் ஒரு மூன்றாம் பரிசு (கலந்துகொண்டதே நாலு பேண்ட்தான்), வருகிறேன் வருகிறேன் என்று கடைசிவரை வராமல் போன ஒரு ரேடியோக்காரர். அவ்வளவுதான். இந்தப் பேண்டில் பத்து வருஷம் பேஸ் கிட்டார் வாசித்தவர் மார்த்தாண்டத்து ஜீவரத்தினம்.

அவர் அதில் போய்ச் சேர்ந்ததே ஒரு விபத்து. 1991-ல் ஆபீஸில் ஒருவருக்குப் பிரிவு உபசாரம் என்று ஆங்கருக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பாதிக் கச்சேரியில் பேஸ் வாசித்தவன் வேய்னோடு சண்டை போட்டுவிட்டு வெளியே போய்விட்டான். யாராவது வாசிப்பீர்களா என்று வேய்ன் மைக்கில் விளையாட்டாகத்தான் கேட்டார். ஊர்ச் சபையில் பாடகர் குழுவுக்கு ஆறு வருஷம் பேஸ் வாசித்த நம் ஆள் கையைத் தூக்கிவிட்டார். ஆபீஸில் ஒரு மீட்டிங்கில்கூட வாயைத் திறக்காத மனுஷன்! அன்று முதல் வெள்ளிக்கிழமை வந்தால் அவர் வேறு ஆள். ஐஸ் மெஷின் பக்கத்தில், முகத்தில் வெளிச்சம் படாத இடமாகப் பார்த்து நிற்பார். குடிப்பது எலுமிச்சை பிழிந்த சோடா மட்டும். பாட்டு நடக்கும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அது வருவது அவருக்கே தெரியாது.

தொல்லை 1993-ல் வந்தது. தமிழ்ச் சபையார் வெள்ளிக்கிழமை மாலை வீட்டு ஜெபக்கூட்டம் ஆரம்பித்தார்கள். ஞாயிறு ஆராதனையில் கீபோர்டு வாசிப்பவரே ஜீவரத்தினம்தான். அவர் வராமல் கூட்டமா? பாருக்குப் போகிறேன் என்று சொல்ல அவருக்கு நெஞ்சுரம் இல்லை. வெள்ளிக்கிழமை ஆபீஸில் ஷிஃப்ட், கம்ப்யூட்டர் சர்வர் வேலை, விடவே மாட்டேன் என்கிறார்கள் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். அவர் மனைவி ஜெயலீலா அன்றே சொல்லிவிட்டாள்:

"பொய்ய நீங்க சொல்லுங்க. நான் காட்டிக் குடுக்க மாட்டேன். ஆனா என்னையும் சேந்து சொல்லச் சொல்லாதீங்க."

பாவம், அவள் தப்பவில்லை. கூட்டத்தை நடத்திய வசந்தாமணி ஆன்ட்டி பாளையங்கோட்டைக்காரர். ஒரு விண்ணப்பத்தை எடுத்தால் பதில் வரும்வரை கர்த்தரை விடமாட்டார். 'பிரதர் ஜீவரத்தினத்துக்கு வெள்ளிக்கிழமை ஷிஃப்ட்டிலிருந்து விடுதலை' என்பது அவருடைய ஜெபக் குறிப்பேட்டில் ஏறியது. ஏறியது ஏறியதுதான். வாராவாரம் அதற்காகக் கண்ணீரோடு ஜெபித்தார். மகன் ஜெஃப்ரினை ஒரு பக்கமும் கைக்குழந்தை ஷைனாவை மடியிலும் வைத்துக்கொண்டு ஜெயலீலா வாராவாரம் ஆமென் சொன்னாள். ஒன்றல்ல இரண்டல்ல, எட்டு வருஷம். மனசாட்சி உள்ளவளுக்கு அது என்ன பாடு என்று ஜீவரத்தினம் ஒருநாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவள் ஏன் பொறுத்தாள் என்றால் அதற்கும் காரணம் இருந்தது. 1995-ல் ஒரு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து, கூட்டத்துக்குப் போகாமல், நர்ஸ் யூனிஃபார்மோடேயே ஆங்கர் வாசல் வரை போனாள். கையும் களவுமாகப் பிடித்து இழுத்து வரும் எண்ணத்தோடுதான் போனாள். வாசலில் நின்று இரண்டு பாட்டுக் கேட்டாள். தன் புருஷன் சிரிப்பதைப் பார்த்தாள். சத்தமில்லாமல் திரும்பிவந்து சோறு வைத்தாள். பார்த்தேன் என்று அவரிடம் சொல்லவும் இல்லை.

2001 மே மாதம் இரண்டு அடிகள் ஒன்றாக விழுந்தன. டாட்காம் சரிவில் ஜீவரத்தினத்தின் கம்பெனி ஒரே செவ்வாய்க்கிழமையில் முந்நூறு பேரை வீட்டுக்கு அனுப்பியது. அவர் அதில் ஒருவர். கிரீன் கார்டு கையில் இருந்ததால் மூட்டை கட்ட வேண்டியதில்லை, அதுவரைக்கும் சரி. புதன்கிழமை வேய்ன் கூப்பிட்டார். ஆங்கரை விற்றுவிட்டார்கள், இடித்துவிட்டு ஆபீஸ் கட்டப்போகிறார்கள், இந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி. தனக்குத் தொண்டையும் போய்விட்டது, இதோடு பேண்டையும் மூடிவிடலாம் என்றார். "நீ இல்லாமல் ஆரம்பிக்க மாட்டோம், ஜீவ்."

வேலை போனதற்குக்கூட ஜீவரத்தினம் கலங்கவில்லை. இதற்குக் கலங்கினார். கடைசியாக ஒரு மூன்று மணி நேரம் வாசித்துவிட வேண்டும், அது போதும் என்று இருந்தது.

வியாழக்கிழமை வசந்தாமணி ஆன்ட்டி போன்.

"தம்பி, கேள்விப்பட்டேன். மனசு விட்டுறாதிய. இந்த வெள்ளி உங்க வீட்டுலயே கூட்டத்த வச்சிருவோம். இனிமே ஷிஃப்ட்டும் இல்ல பாத்தியளா!"

சரி ஆன்ட்டி என்று வைத்துவிட்டார். வேறென்ன சொல்வார்?

ஜெயலீலா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "இப்ப என்ன பண்ணப்போறீங்க?"

"நீ ஏதாவது சொல்லி சமாளிச்சிடேன். இன்டர்வியூன்னு சொல்லு."

"மாட்டேன். ஓடிப் போகவும் விடமாட்டேன். எல்லாரும் வந்து உக்காந்த பிறகு, அவங்க முன்னால நின்னு உண்மையச் சொல்லிட்டுப் போங்க. கார் சாவிய நானே எடுத்துத் தாரேன்."

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கே கூடம் நிறைந்துவிட்டது. கம்பளத்தில் இருபது பேர். முதல் பாட்டு முடிந்ததும் ஜீவரத்தினம் எழுந்தார். பேஸ் கிட்டார் காரின் டிக்கியில் தயாராக இருந்தது.

"சபையார் மன்னிக்கணும். எனக்கு ஷிஃப்ட்டுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. பத்து வருஷமா வெள்ளிக்கிழமை தோறும் நான் ஒரு பார்ல கிட்டார் வாசிச்சேன்."

'இப்போதும் அங்கேதான் போகிறேன்' என்பது அடுத்த வரி. அதற்கு மூச்சு இழுத்தார். அந்த ஒரு மூச்சு இடைவெளியில் காரியம் கெட்டது.

சாட்சி கேட்டுப் பழகிய சபை அது. நான் இன்ன பாவத்தில் கிடந்தேன் என்று ஒருவர் எழுந்து நின்று சொன்னால், அதிலிருந்து வெளியே வந்துவிட்டேன் என்பதுதான் அடுத்த வரி. வேறு வரியை அவர்கள் கேட்டதே இல்லை. சொல்பவர் முடிக்காவிட்டால் சபை முடித்துவைக்கும்.

"ஸ்தோத்திரம்!" என்று வசந்தாமணி ஆன்ட்டி எழுந்தேவிட்டார். "ஆண்டவரே, இந்த விடுதலைக்குத்தான் எட்டு வருஷம் ஜெபிச்சோமா! வேலைய எடுத்து ஆத்துமாவக் குடுத்தீரே!"

அவருக்குக் கண்ணில் நீர் கொட்டியது. அதில் நடிப்பு துளியும் இல்லை. ஆளாளுக்கு எழுந்து வந்தார்கள். ஜீவரத்தினம் முழங்காலிட வைக்கப்பட்டார். தலையில், தோளில், முதுகில் என்று பத்துப் பன்னிரண்டு கைகள். ஆறு மணி ஆயிற்று. ஆறரை ஆயிற்று. சமையலறையில் போன் அடித்தது. ஒன்பது வயது ஷைனா எடுத்தாள். அவளுக்கு வேய்ன் என்றால் அப்பாவின் ஆபீஸ் ஆள்.

"ஹி கான்ட் கம். எவ்ரிபடி இஸ் ப்ரேயிங் ஃபார் ஹிம்," என்றாள். பிறகு ரிசீவரைப் பொத்திக்கொண்டு கூடத்தைப் பார்த்துக் கத்தினாள்: "அப்பா! வேய்ன் வாண்ட்ஸ் டு நோ, ஆர் யூ டையிங்?"

ஜெபம் ஒரு நொடி நின்றது. கைகள் தளர்ந்தன. வழி திறந்துதான் இருந்தது. சமையலறை வாசலில் ஜெயலீலா சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள்.

ஜீவரத்தினம் வசந்தாமணி ஆன்ட்டியின் நனைந்த முகத்தைப் பார்த்தார். "இல்லன்னு சொல்லு, ஷைனா," என்றார். "அவங்கள ஸ்டார்ட் பண்ணச் சொல்லு."

தலையைக் குனிந்துகொண்டார். கைகள் மறுபடி வந்து அமர்ந்தன.

எல்லாரும் உப்புமா சாப்பிட்டுவிட்டுப் போகும்போது ஒன்பதரை. ஜெயலீலா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"உனக்காகத்தான் இருந்துட்டேன். உன்னால நாளைக்கு அவங்க முகத்துல முழிக்க முடியணும்ல."

"எனக்காகன்னு மட்டும் சொல்லாதீங்க." அவள் திரும்பவில்லை. "எனக்காகன்னா போயிருக்கணும். நீங்க அந்த ஐஸ் மெஷின் பக்கத்துல நின்னு சிரிச்சத நான் பாத்திருக்கேன். அதுக்காகத்தான் எட்டு வருஷம் பொய்க்கு ஆமென் சொன்னேன். நீங்க பயந்து போய் அதையும் பாவக் கணக்குல எழுதிட்டீங்க."

வேய்னைப் போனில் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை.

செய்தி பரவியது. பாரிலிருந்து மீட்கப்பட்ட கிட்டார்க்காரர் என்றால் சும்மாவா? சாட்சி சொல்ல ஃப்ரீமான்ட் சபையில் கூப்பிட்டார்கள், சன்னிவேலில் கூப்பிட்டார்கள். முதல் இடத்தில் அவர் உள்ளது உள்ளபடிதான் சொன்னார். சபை கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது. இரண்டாவது இடத்தில் சோடா பியர் ஆயிற்று. ஆகஸ்டில் சான் ரமோன் சபைக்குப் போனபோது அது விஸ்கியாகி, வேய்ன் பிள்ளைகுட்டியைத் தெருவில் விட்ட குடிகாரர் ஆகியிருந்தார். டிரம்ஸ் வாசித்த ராமோனுக்குப் போதைப் பழக்கமும் வந்து சேர்ந்திருந்தது. அந்த இரண்டு பேரும் அவருக்குச் செய்த ஒரே குற்றம், பத்து வருஷம் தங்களோடு வாசிக்க விட்டதுதான். கூட்டம் அழுதது. ஜீவரத்தினமும் அழுதார்.

அன்று ஜெயலீலா பின்வரிசையில் இருந்தாள். பாதியிலேயே எழுந்து போய் காரில் உட்கார்ந்துவிட்டாள். கைகுலுக்கல்கள் எல்லாம் முடிந்து அவர் வந்து வண்டியை எடுத்தார்.

"பார்ல வாசிச்ச மனுஷன எனக்குத் தெரியும்," என்றாள். "உள்ள பேசினவர எனக்குத் தெரியல. இனிமே என்னக் கூப்பிடாதீங்க."

அவர் வண்டியை ஃப்ரீவேயில் ஏற்றி, வீட்டைப் பார்த்து ஓட்டினார்.