"ஒருவாட்டி அவரைக் கூட்டிட்டு வாங்க"

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் புற்றுநோயில் இறந்துபோனார். அவர் வலிக்குச் சாப்பிட்ட மாத்திரை மிச்சமிருந்தது. தூக்கம் வராத ஒருநாள் அதில் ஒன்றைப் போட்டேன். துக்கம் மரத்துப்போனது. பிறகு அது இல்லாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் தெரு மெடிக்கலில் அவர் இறந்தது தெரியும். அதனால் அவருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த பழைய மருந்துச் சீட்டோடு பஸ் ஏறி வாணியம்பாடிக்குப் போவேன். அங்கே கடைக்காரர், "யாருக்கும்மா?" என்பார். "வீட்டுக்காரருக்குத்தான், வலி ஜாஸ்தியா இருக்கு" என்பேன். அப்படிச் சொல்லும்போது அவர் வீட்டில் படுத்திருப்பதுபோலவே இருக்கும்.

போன மாதம் கடைக்காரர் சீட்டைத் திருப்பித் தந்துவிட்டார். "பழைய சீட்டுக்கு இனிமே தர முடியாதும்மா. ஒருவாட்டி அவரைக் கூட்டிட்டு வாங்க."

"இன்னா தம்பி, நடக்க முடியாதவரை எப்படிக் கூட்டிட்டு வர்றது?" என்று சண்டை போட்டேன்.

"ஆட்டோவுல வாங்க. நானே கைத்தாங்கலா எறக்கிக்கிறேன்."

அவ்வளவுதான். கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அடக்கம் செய்த அன்றுகூட அப்படி அழவில்லை. கடைக்காரர் விஷயம் புரிந்து தண்ணீர் கொடுத்தார். மாத்திரை கொடுக்கவில்லை.

இப்போது அந்த மாத்திரைப் பழக்கத்தை விட அரசு மருத்துவமனையில் வைத்தியம் பார்த்துக்கொள்கிறேன். மருந்து வாங்குமிடத்தில் யாருக்கு என்று கேட்டால், "எனக்குத்தான்" என்கிறேன். அப்படிச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவர் மறுபடி செத்துப்போகிறார்.