ஏறிய கோடு

தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஆமை. பத்தொன்பது வருடத்தில் யாரையும் முந்தியவரில்லை. "ஆமை முன்னால போனா இன்னைக்கு ஊருக்கே தாகம்தான்" என்று கேலி செய்வார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "உள்ள தண்ணி குலுங்குதுடா. நாம அவசரப்பட்டா அப்புறம் அது நம்மள ஓட்டும்" என்பார்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். பிள்ளைகள் வரும்முன் கருவிகளைத் துடைத்து மேசையில் எடுத்துவைப்பதும், போனபின் எண்ணி அலமாரியில் பூட்டுவதும் அவள் வேலை.

ஒரு மழை மதியம், வேலை முடிந்து சைக்கிளில் வந்த நர்ஸ் ஒருத்தி சந்திலிருந்து சட்டென்று லாரியின் குறுக்கே வந்துவிட்டாள். அவர் பிரேக்கின் மேல் ஏறி நின்றார். லாரி நின்றது; ஆனால் அவளைத் தள்ளிவிட்டுத்தான் நின்றது. அங்கேயே உயிர் போய்விட்டது.

மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். மனைவியும் கூடப் போனாள். லாரியின் ஓட்டத்தைப் பதிவுசெய்யும் கருவியிலிருந்து கடைசி ஒரு நிமிடத்தை ஒரு தாளில் எடுத்து வைத்திருந்தார்கள். கட்டம் கட்டமான தாளில், கீழிருந்து மேலே ஒரு கோடு.

"பாருங்க, கோடு எப்படி ஏறுது! வேகம் ஏறிக்கிட்டே போயிருக்கு."

"நான் முப்பத்தாறு கிலோமீட்டரத் தாண்டலியே சார்."

"மிஷின் பொய் சொல்லுமா?"

அவர் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு, வேகமாக வந்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளின் நகல் ஒன்றை அவர் கையில் கொடுத்தார்கள்.

திரும்பி வரும் வழியில் அவள் மெல்லக் கேட்டாள். "ஏங்க, கொஞ்சம் வேகமா வந்துட்டீங்களோ?"

"அப்படித்தான் போலிருக்கு. எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

அதன்பின் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. டீக்கடையில் யாரோ வாய் தவறி, "ஆமை முயலாயிடுச்சே" என்றார்களாம். அன்றோடு டீக்கடையும் நின்றது. சாப்பாடு பாதியானது, பேச்சு அதிலும் பாதியானது. பதினோராம் மாதம் ஒரு காலையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். ஒருநாள் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் பாடம் நடத்திக்கொண்டிருந்த டீச்சரின் குரல் கேட்டது.

"கோடு ஏறினா வேகம் ஏறுதுன்னு உடனே முடிவு கட்டாதீங்க. நிக்கிற அச்சு தூரமா வேகமான்னு முதல்ல பாருங்க. தூரம்னா, வண்டி முன்னால போறவரைக்கும் கோடு ஏறத்தான் செய்யும். அப்போ சாய்வுதான் வேகம். சாய்வு மாறலியா, வேகமும் மாறல."

அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

மறுநாள் தாளைக் கொண்டுபோனாள். "டீச்சர், இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

டீச்சர் ஓரத்திலிருந்த பொடி எழுத்தைப் படித்தாள். "இது தூரம்க்கா. படுக்கையில ஒரு கட்டம் பத்து விநாடி, மேல ஒரு கட்டம் நூறு மீட்டர். ஒண்ணுக்கு ஒண்ணுன்னு ஏறுது. அப்படீன்னா மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர். கோடு ஸ்கேல் வச்ச மாதிரி நேரா போகுது; வேகம் கூடவே இல்ல. இதோ, இங்க வளைஞ்சு படுக்குதே? பிரேக் போட்டு வண்டி நின்னுடுச்சு." பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். "யாரு ஓட்டின வண்டிக்கா இது?"

"எங்க வீட்டுக்காரர்" என்றாள்.

டீச்சர் எழுதிக் கொடுத்த விளக்கத்தோடு மேனேஜரிடம் போனாள். அவர் இரண்டு தடவை படித்தார். முகம் வெளுத்தது. ஆனாலும், "அவரே ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்தாரேம்மா" என்றார்.

"நீங்க சொன்னதை நம்பித்தான் சார் எழுதினாரு. பத்தொன்பது வருஷம் பெடல மிதிச்ச தன் காலை அவர் நம்பல."

இரண்டு வாரம் கழித்து அவளையும் வரவழைத்து, ஓட்டுநர் அறைப் பலகையில் ஒரு கடிதம் ஒட்டினார்கள்: ஓட்டுநர் அனுமதித்த வேகத்துக்குள்தான் வந்தார், அவர்மேல் தவறில்லை. எல்லோரும் கூடிநின்று படித்தார்கள். ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அவளிடம் வந்தார். "அண்ணி, டீக்கடையில அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான். மன்னிச்சிடுங்க."

"நீங்க கேலியா சொன்னீங்க" என்றாள் அவள். "வேகமா வந்துட்டீங்களோன்னு நான் நெஜமாவே கேட்டேன்."