உடைந்த முன்பல்

மூன்று வருடங்களுக்கு முன், பாடசாலையில் இரண்டாம் தவணை நடந்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை காலை. கல்முனைக்குப் பக்கத்து ஊரொன்றில் நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது சோக்கு கையிலிருந்து நழுவியது. நெஞ்சிலிருந்து தாடை வரைக்கும் ஒரு பாரம் ஏறி நின்றது. பக்கத்து வகுப்பு ஆசிரியை என்னை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அவசர சிகிச்சைப் பிரிவின் கட்டிலில் படுத்தது நினைவிருக்கிறது. பர்தா அணிந்த இளம் டொக்டர் ஒருத்தி நெஞ்சில் வயர்களை ஒட்டினாள். அவளுடைய விரல்கள் சில்லென்று இருந்தன. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் மெல்ல மெல்லக் கடலின் சத்தமாக மாறியது. அந்த நேரத்தில்தான் என் இதயம் நின்றுபோயிருக்கிறது.

எனக்கு அது தெரியாது. நான் கடற்கரையில் நின்றேன். கடல் வெகுதூரம் உள்வாங்கிப் போயிருந்தது. ஈர மணல் கண்ணாடி மாதிரி மின்னியது. கடல் உள்வாங்கினால் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கோ ஓடத் தோன்றவில்லை. செருப்பில்லாமல் உள்ளே நடந்தேன். தண்ணீர் இல்லாத இடத்திலும் மீன்கள் நிதானமாக நீந்திக்கொண்டிருந்தன. யாரோ என் நெஞ்சின் மேல் நெல் மூட்டையை வைத்து வைத்து எடுப்பதுபோல் இருந்தது. அதுகூட வலிக்கவில்லை. வெளிச்சம் மட்டும் கூடிக்கொண்டே போனது.

கண் விழித்தபோது இரண்டு நாள் கழிந்திருந்தது. தொண்டை முழுக்கப் புண். குரல் வரவில்லை. நாக்கால் துழாவினேன். மேல் வரிசையில் முன்பல் ஒன்று பாதிதான் இருந்தது.

"உங்களுக்கு மூச்சு விட வாயால குழாய் போட்டது படிச்சிட்டு இப்பதான் வந்த புள்ளயாம்" என்றான் என் தம்பி. "முதல்ல மூச்சுக் குழாய்ல போடாம சாப்பாட்டுக் குழாய்ல போட்டிரிக்கா. பல்லும் உடைஞ்சிட்டு. நான் சும்மா விட மாட்டன் ராத்தா." முறைப்பாட்டுக் கடிதத்தை எழுதியே கொண்டுவந்திருந்தான். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. கணவர் என் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

பல் போனதில் எனக்கும் கோபம்தான். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கதைக்கிறவள் நான். பேனையை வாங்கினேன். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்ததால், பின்னேரம் போடுகிறேன் என்று சைகையில் சொன்னேன்.

அன்று பின்னேரம், நோயாளர்களைப் பார்க்க விடும் நேரத்தில், என் நெஞ்சில் வயர் ஒட்டிய அந்த இளம் டொக்டர் வந்தாள். வேலை முடிந்து வந்திருக்க வேண்டும். வெள்ளைக் கோட்டு இல்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"உங்கட பல் என்னாலதான் உடைஞ்ச, ராத்தா. நான்தான் அண்டைக்கு டியூட்டில இருந்த. அத நானே வந்து சொல்லோணும் எண்டு நினைச்சன்."

தம்பி எழுந்துவிட்டான். கணவர் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

அவள் மறைக்காமல் சொன்னாள். உயிருள்ள ஒருவருக்கு அவள் தனியாகக் குழாய் போட்டது அதுதான் முதல் தடவை. மூத்த டொக்டர் சத்திரசிகிச்சைக் கூடத்தில் இருந்தார். கூப்பிட ஆள் ஓடியிருந்தது. போட்டு முடித்ததும் நெஞ்சு உயரவில்லை, வயிறுதான் உப்பியது. பக்கத்தில் நின்ற தாதி, "அது பிழையான இடத்தில போயிட்டு டொக்டர், எடுங்க" என்றாராம்.

"சரியாத்தான் போயிரிக்கும் எண்டு நினைக்க எனக்கு ஆசையா இருந்திச்சு ராத்தா. ஒரு மூச்சு நேரம் அப்படியே நிண்டன். பிறகு எடுத்திட்டன். திருப்பிப் போடப் பாக்கல்ல. மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க்க வச்சு, பேக்க அமத்தி அமத்திக் காத்துக் குடுத்தன். தாதி மிஸ்ஸி நெஞ்ச அமத்திக்கிட்டே இருந்தாங்க. ஷொக் குடுத்த பிறகு நாடி வந்திச்சு. பெரிய டொக்டர் வந்துதான் குழாய ஒழுங்காப் போட்ட."

அவளுக்கு என் மூத்த மகளின் வயதுதான் இருக்கும். அவள் சொன்ன ஒரு மூச்சு நேரம் என் மனசில் என்னவோ செய்தது. அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை, வராத குரலில், கணவர் கேட்கும்படி சொன்னேன்.

"எனக்கு மூணு நாளா நெஞ்சு நொந்த, மகள். வாய்வு எண்டு நானே முடிவெடுத்திட்டன். இஞ்சித் தண்ணி குடிச்சிட்டு இஸ்கூலுக்குப் போன."

கணவர் என் காலிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

தம்பி மட்டும் கடிதத்தை மடிக்காமல் வைத்திருந்தான். அவள் அதைக் கண்டுகொண்டாள். "அத அனுப்புங்க. நடந்தத எழுதுறது பிழையில்ல. புதுசா வாற டொக்டர்மார் குழாய் போட்டுப் பழகிறதுக்கு ஒரு பொம்மை வேணும், பக்கத்தில மூத்த ஆள் ஒருத்தர் நிக்கோணும் எண்டும் சேத்து எழுதுங்க. நாங்க கேட்டாக் காணாது, நீங்க கேட்டாத்தான் பெலம்."

தம்பியின் முறைப்பாட்டைக் கிழித்துவிட்டு, நடந்ததையும் அவள் கேட்டதையும் சேர்த்து வேறொரு கடிதம் எழுதினோம். தம்பிக்கு அரை மனசுதான். பொம்மை வந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை அடுத்த வருடமே மாற்றலாகிப் போய்விட்டாள். கணவர் ஒரு கிழமை என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. இப்போதெல்லாம் எனக்குத் தலை வலித்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்துவிடுகிறார்.

நான் மூன்று நாள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பிழை என் உயிரை எடுக்கப் பார்த்தது. அவள் தன் பிழையை ஒரு மூச்சு நேரத்தில் கைவிட்டதால்தான் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கும்போது, எனக்குச் சரி என்று படும் எதையும் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளாமல் இருக்க முடிவதில்லை.