தலையணை மேல் வைத்த கால்

கணுக்கால் எலும்பு முறிந்து, கம்பம் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை முடித்து சுருளிப்பட்டி வீட்டுக்கு வந்தேன். காலைத் தொங்கவிடாமல் இரண்டு தலையணை மேல் வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். விசாரிக்க வந்த கணவரின் சித்தப்பா, "பெரியவுக வந்துருக்காக, காலை நீட்டிக்கிட்டுக் கெடக்கா பாரு" என்றார். கணவர் தலையணைகளை உருவினார். நானும் புத்தியில்லாமல், அதன்பின் திராட்சைப் பையோடு யார் வந்தாலும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன். நான்காம் நாள் கால் வீங்கித் தையல் பிரிந்தது. மறுபடி ஆஸ்பத்திரி. அங்கேயும் வந்த சித்தப்பா, "ஒழுங்காத் தைக்கத் தெரியாத பயலுக" என்று டாக்டர்களைத் திட்டினார்.

வீடு திரும்பியதும் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னேன். இப்போது வாசலில் நுழைகிற எவருக்கும் முதலில் தெரிவது, மூன்று தலையணை மேல் இருக்கும் என் உள்ளங்கால்தான்.