டோமினிக் மேஸ்திரியின் நாக்கு

ஒடுகத்தூரில் மலை பஸ் திரும்பும் முக்கில் டோமினிக் மேஸ்திரியின் பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, தேவையும் இல்லை. அடுப்பில் வஜ்ரம் ஏறிவிட்டால் மூக்குள்ள யாரும் வழி கண்டுபிடித்துவிடலாம். தோல் பதனிடும் இடங்களில் கழித்துப்போடும் மாட்டுத்தோல் ஓரங்களைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, அலசி, காய்ச்சி, வடிகட்டி உலர்த்தினால் கிடைக்கும் பழுப்புக் கட்டிதான் வஜ்ரம். அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு உருக்கித்தான் அவர் சுற்றுவட்டார வயலின், வீணை, ஆர்மோனியம் எல்லாவற்றையும் ஒட்டுகிறார்.

கடையில் விற்கும் வெள்ளைப் பசை என்றாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "அத்த வச்சி ஒட்டுனா அப்புறம் கோடாலியாலதான் பிரிக்கணும்" என்பார். வஜ்ரம் போட்ட ஒட்டு அப்படியில்லை. வெந்நீரும் சூடான கத்தியும் காட்டினால் மரம் நோகாமல் விட்டுவிடும். கல்யாணமும் அப்படி இருந்தால் தேவலை என்று மனைவி ரோசியை வைத்துக்கொண்டே சொல்கிற மனுஷன்.

வஜ்ரத்துக்கு ஒரே நிபந்தனை, கொதிக்கக் கூடாது. இட்லிக் குண்டான் தண்ணீருக்குள் சட்டியை இறக்கி இளஞ்சூட்டில் உருக்க வேண்டும். கொதித்துவிட்டால் பார்க்க அப்படியே இருக்கும், பிடிப்பு மட்டும் போய்விடும். மற்ற ஆசாரிகள் இரண்டு விரல்களுக்கு நடுவே இழுத்துப் பார்ப்பார்கள். டோமினிக்கின் விரல்நுனிகள் முப்பது வருஷச் சூட்டில் மரத்துப்போனவை. அதனால் அவர் நக்கிப் பார்ப்பார், விரல் சோதனையை யார் செய்தாலும் நம்பமாட்டார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு அரை நிமிஷம் பேச்சு வராவிட்டால் பசை சரி. அந்த அரை நிமிஷத்துக்காகவே ரோசி இருபத்திரண்டு வருஷமாக இந்த நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் சாம்பல் புதனன்று, தவக்காலம் நாற்பது நாளும் கறி தொடுவதில்லை என்று டோமினிக் நேர்ந்துகொண்டார். டாக்டர் மூன்று வருஷமாகச் சொல்லிக் கேட்காதவர், நெற்றியில் ஒரு பொட்டு சாம்பல் பட்டதும் ஞானியாகிவிட்டார். அந்த வாரமே ஜூடி வயலினோடு வந்தாள். கோயில் பாடற்குழுவில் வாசிக்கிற பெண். வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலைக்கு அடுத்த சனிக்கிழமை இன்டர்வியூ, கையோடு வயலின் வாசித்துக் காட்ட வேண்டும். மேல்பலகையோ ஓரத்தில் விட்டுப்போயிருந்தது.

டோமினிக் பசையை உருக்கினார். கரண்டி வாய்வரை போய் நின்றது. மாட்டுத்தோல் கறியா, இல்லையா? உடைந்த நாற்காலியோடு வந்திருந்த பங்குச் சாமியாரிடமே கேட்டார்.

"பசைய யாருய்யா சாப்புடுறாங்க?"

"நான் சாப்புடுறனே சாமி."

சாமியார் வேதசாஸ்திரம் முழுக்கப் படித்தவர்தான். இதைக் கேட்டதும் நாற்காலியை வைத்துவிட்டு நழுவினார். டோமினிக் நக்காமல் கண்பார்வையிலேயே முடிவு செய்தார்.

"ஏங்க, கொதிச்ச வாசன வர்துங்க" என்றாள் ரோசி உள்ளேயிருந்து.

"ஒனக்கு இன்னா தெரியும்?" என்று மேல்பலகையை ஒட்டிக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில், காணிக்கைப் பாட்டுக்கு நடுவே வயலின் 'டப்'பென்று வாயைப் பிளந்தது. உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். அன்று மத்தியானம் ஜூடி பட்டறையில் நின்று அழுதாள். "ஒங்கள நம்பித்தானே அங்கிள் குடுத்தேன்?" டோமினிக்குக் கூசிப்போனது. மரத்தில் ஒரு சிராய்ப்புகூட இல்லை என்பது மட்டும்தான் ஆறுதல். ஆனால் இன்னொரு தரம் விட்டுப்போனால் அந்தப் பெண்ணின் வேலை போச்சு.

பழைய வஜ்ரம் தீர்ந்திருந்தது, வியாழன் மத்தியானம்தான் வஜ்ர வியாபாரி நசருல்லா பாய் வாணியம்பாடியிலிருந்து புது வஜ்ரக் கட்டி கொண்டுவந்தார். ஊறவைத்தே எடுத்துவந்திருந்ததால் உடனே சட்டி ஏறியது. மறுநாள் மத்தியானம் ஜூடிக்கு பஸ். அதுவரை வயலின் கிளாம்பில் இறுகிக் கிடக்க வேண்டும், அதனால் ஒட்டுவதென்றால் இப்போதே ஒட்ட வேண்டும்.

"பாய், நீ கொஞ்சம் நக்கிப் பாரேன்."

"இன்னா மேஸ்திரி வெளையாடுறியா? நோன்பு வச்சிக்கினு இருக்கேன்!"

இரண்டு பக்திமான்களும் சட்டியைச் சுற்றி நின்று பெருமூச்சு விட்டார்கள். ரோசி பெந்தெகொஸ்தே வீட்டில் பிறந்தவள். அவளுக்குச் சாம்பலும் கிடையாது, தவக்காலமும் கிடையாது, சற்று முன்னால்தான் நேற்றைய பிரியாணியைச் சுடவைத்துத் தின்றிருந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தச் சட்டியைத் தொட்டதே இல்லை. ஜூடி அழுதது அவளுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று வந்து விரலை விட்டு நக்கினாள்.

"இன்னும் ஆவல" என்று துப்பினாள்.

கால் மணி கழித்து மறுபடி நக்கினாள். இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எதையோ சொல்ல வந்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர, வயலினைக் காட்டிக் காட்டிக் கையை ஆட்டினாள். டோமினிக் தூரிகையை எடுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் ஜூடி போன் செய்தாள். மூணு பாட்டு வாசித்தாளாம், ஒட்டு அசையவில்லையாம், திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்களாம்.

டோமினிக் போனை வைத்துவிட்டு மீசையைத் தடவினார். "நான் ஒட்டுனதாச்சே!"

ரோசி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. "அன்னிக்கி கொதிச்ச வாசன வர்துன்னு சொன்னப்ப, ஒனக்கு இன்னா தெரியும்னு யாருங்க கேட்டது?"

டோமினிக்கின் நாக்கில் அன்று வஜ்ரம் ஒரு பொட்டுகூட இல்லை. ஆனாலும் அரை நிமிஷத்துக்கு மேலாகியும் பேச்சு வரவில்லை.